வாய் திறக்கக் கூடாதவர்

பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் ஏழாவது மாடி. சனிக்கிழமை இரவு 11.05. வெள்ளைப் பலகையில் '2 மணி நேரம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். செத்துப்போன கிளஸ்டர் அதற்குள் எழுந்து நடமாட வேண்டும்.

கொன்றதும் இவர்களேதான். ஒத்திகைக்கென்று வைத்திருக்கும் கிளஸ்டரின் மூன்று மாஸ்டர் சர்வர்களையும் டிஸ்க்கோடு அழித்துவிட்டார்கள். கையில் இருப்பது கிளஸ்டரின் நிலவரமெல்லாம் பதிந்திருக்கும் எட்ஸிடி டேட்டாபேஸின் பேக்கப் ஒன்று, மீட்கும் வழியைப் பதினான்கு படிகளில் சொல்லும் ரன்புக் ஒன்று.

கீபோர்டில் இருப்பவள் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமான பெண். ரன்புக்கை எழுதியவர் அவளுக்குப் பின்னால், சுவரோரமாகக் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். அவர் வாய் திறக்கக் கூடாது. இன்றைய விதி அது. அவர் ஊரில் இல்லாத நாளில் தாள்தானே பேசியாக வேண்டும்!

சுவரில் '2017 ஜனவரி 31' என்று மட்டும் எழுதிய காகிதம். அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் சர்வர் மாறி டேட்டாபேஸை அழித்தார். பேக்கப் வழிகள் பல இருந்தும் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு யாரோ எடுத்து வைத்த நகல்தான் காப்பாற்றியது.

ஆறாம் படி. அவர் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறார். ஒன்பதாம் படி. பேக்கப் மூன்று புது சர்வர்களிலும் ஏறுகிறது. மூன்றில் இரண்டு ஒத்துப்போனாலே கிளஸ்டர் எழுந்து நிற்கும், மூன்றுமே பச்சை. யாரோ கைதட்டுகிறார்கள். மணி 12.20.

அப்புறம் சிவப்பு. அப்ளிகேஷன்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன. பாஸ்வேர்டுகளெல்லாம் பேக்கப்பில் பத்திரமாக, என்கிரிப்ட் ஆகி இருக்கின்றன. அவற்றைத் திறக்கும் கீ, அழித்த டிஸ்க்கில் இருந்தது. பீரோவைக் காப்பாற்றிவிட்டுச் சாவியைத் தொலைத்த கதை.

பேனா மூடி நின்றுவிட்டது. அவருக்குப் புரிந்துவிட்டதென்று எனக்குத் தெரிகிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. லாக்கை வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"அண்ணா, அந்தக் கீ ஃபைல் எங்க இருக்கு?"

அவர் குறிப்பெடுப்பவரைப் பார்க்கிறார். குறிப்பெடுப்பவர் தலையசைத்து மறுத்துவிட்டு எழுதுகிறார்: '12.48. கீ ஃபைல் எங்கே என்று கேட்டார். ரன்புக்கில் இல்லை.'

1.05. "டைம் முடிஞ்சுது."

இனி அவர் பேசலாம். பேசவில்லை. நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு, ரன்புக்கைத் திறந்து, ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே கர்சரை வைத்துவிட்டு, கீபோர்டை அவள் பக்கம் நகர்த்துகிறார்.