இடது கன்னம் நான்... வலது கன்னம் அண்ணன்!

திருவல்லிக்கேணியில் காலை ஆறரை மணி ஆனதைக் கடிகாரம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மேன்ஷன் பாத்ரூம் கதவைத் தட்டி, 'சார்... இன்னும் எவ்ளோ நேரம்?' என்று ஒரு குரல் கேட்டால் மணி ஆறரை. பெரிய தெரு, பெல்ஸ் ரோடு, அக்பர் சாகிப் தெரு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பேச்சிலர்கள்தான். மாடிக்கு ஒரு வாஷ்பேசின், அதற்கு மேல் மூலை உடைந்த ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குள் நாலு முகம். நாலில் எந்த முகத்துக்கு ஷேவ் பண்ணுகிறோம் என்பதே சில சமயம் குழப்பம்!

இந்த ஊரில் மெஸ்ஸுக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பது சலூன். காரணம் கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவையில்லை. இன்டர்வியூவுக்குப் போகிறவன், பெண் பார்க்கப் போகிறவன், மேனேஜரிடம் லீவு கேட்கப் போகிறவன் மூவரும் ஒரே மேன்ஷனில் இருக்கிறார்கள். மூன்று பேருக்கும் முகம் முக்கியம். பேட்டைக்கு அதிபதியான பார்த்தசாரதி கோயில் மூலவரே முறுக்கு மீசையோடுதானே நிற்கிறார்!

எங்கள் அறையில் ரொம்ப நாளாக ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது. வழவழவென்று 'க்ளோஸ் ஷேவ்' வேண்டுமானால் எது உசத்தி? நாமே பிடித்து இழுக்கிற சேஃப்டி ரேசரா, சலூன் கத்தியா? ரூம்மேட் ஒருவன் கத்தி கட்சி. 'கத்தின்னா கத்திதாண்டா. மத்ததெல்லாம் தோசைத் திருப்பி' என்பான். இன்னொருவன் ரேசர் கட்சி. 'எவன் கையிலோ கத்தியைக் கொடுத்துட்டு, கழுத்தை நீட்டி உட்கார நான் என்ன பலியாடா?' என்பான். இரண்டு பேரும் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் மாறி மாறி பிளேடு போட்டதில், விஷயத்தை நானே என் சொந்த முகத்தில் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முறை ரொம்ப சிம்பிள். இடது கன்னத்துக்கு நான், என் சேஃப்டி ரேசரோடு. வலது கன்னத்துக்கு சலூன்காரர், அவர் கத்தியோடு. ஒரே முகம், ஒரே நாள், ஒரே வெயில். சாயங்காலம் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

இடது பக்கம் மட்டும் ஷேவ் பண்ணிக்கொண்டு பைக்ராஃப்ட்ஸ் ரோட்டில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? (அதற்குப் பாரதி சாலை என்று பெயர் மாற்றிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் பெரிசுகள் விடுவதாயில்லை.) டீக்கடை மாஸ்டர் கிளாஸை நீட்டியவர் நீட்டியபடி நின்றார். 'இன்னா சார், கரன்ட் கட்டா?' என்றார் பரிதாபமாக.

நான் போன சலூன் ஒரு சந்துக்குள் இருக்கிறது. இரண்டு சுழல் நாற்காலி, எதிரெதிரே கண்ணாடி. உட்கார்ந்தால் நம் பின்மண்டை வரிசையாக நாற்பது தெரியும். ஒரு பெஞ்ச், அதில் பக்கம் பக்கமாகப் பிரிந்து கிடக்கும் தினத்தந்தி. கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர், ஆற்காடு பக்கம் சொந்த ஊர். அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். என் பாதி முகத்தைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. 'மீதி நானா? உட்காருங்க தம்பி' என்றார். அவ்வளவுதான்.

அவர் கத்தியை எடுத்ததும் எனக்கு முதல் அதிர்ச்சி. ஒரு புது பிளேடை உறையோடு இரண்டாக மடித்தார். 'டக்' என்று ஒரு சத்தம். நீளவாக்கில் பாதியாக உடைந்த பிளேடில் ஒன்றைக் கத்தி போன்ற பிடிக்குள் செருகினார். அட, காலையில் என் ரேசரில் நான் மாட்டிய அதே கம்பெனி பிளேடு!

ஆக, எங்கள் ரூமில் இத்தனை நாள் நடந்த சண்டைக்கு அர்த்தமே இல்லை. இன்றைக்கு சலூன்களில் பெரும்பாலும் 'கத்தி' என்று நாம் சொல்வது, சேஃப்டி ரேசர் பிளேடின் பாதிதான். எஃகு ஒன்று, கூர் ஒன்று. பிடியும் கையும்தான் வேறு.

எப்படி இப்படி ஆனது என்று கேட்டேன். பதில் நம் சென்னையிலிருந்தே தொடங்குகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது இங்கேதான், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரின் வேலை அது. அடுத்து வந்த வருஷங்களில் ஊரெல்லாம் எய்ட்ஸ் பிரசாரம். போஸ்டரில் ஊசி இருந்தது, கூடவே சவரக்கத்தியும் இருந்தது. உண்மையில் இந்த வழியாகச் சுலபமாகத் தொற்றக்கூடியது ஹெபடைட்டிஸ் பி. அந்தக் கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாள்கூடத் தாக்குப்பிடிக்கும். எதுவானால் என்ன, 'புது பிளேடு போடுங்க' என்கிற மூன்று வார்த்தை அன்றைக்கு வந்ததுதான். நியாயமான வார்த்தை. இப்போதும் தயங்காமல் கேளுங்கள்.

'எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு தம்பி' என்றார் அண்ணன், சோப்பு நுரையைக் குழைத்துக்கொண்டே. 'பத்துப் பன்னிரண்டு வருஷமா வர்ற கஸ்டமர். முகம் பூரா சோப்பு போட்டாச்சு. கத்தியைத் தோல்வாருல தீட்டிட்டுத் திரும்பறேன், ஆளு எழுந்துட்டாரு. "இல்லப்பா... வேணாம்"னு துண்டால தொடைச்சிக்கிட்டுப் போயிட்டாரு. அவரைத் தப்பு சொல்ல மாட்டேன். அவருக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல? அன்னிக்கு ராத்திரி உறையில போட்டதுதான். இதுவரைக்கும் வேற முகத்துல அது படல.'

நான் வாயைத் திறக்க முடியாத நிலை. கத்தி மேலுதட்டில் இருந்தது.

சாயங்கால ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். மத்தியானம் மூன்று மணிக்கே என் இடது கன்னம் உப்புத்தாள். வலது கன்னம் ராத்திரி ஏழு மணிக்கும் ரத்னா கஃபே சாம்பார் மாதிரி தடையில்லாமல் வழுக்கியது. அதோடு இடது தாடைக்குக் கீழே இரண்டு சிவப்புப் புள்ளி வேறு. ஒரே பிளேடு என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

மறுநாள் காலை கடை திறந்ததும் போய் நின்றேன். அண்ணன் என்னைப் பிடித்து உட்காரவைத்து நடத்திய பாடம் இதுதான்.

முதல் சமாச்சாரம் தண்ணீர். 'காய்ஞ்ச முடிய வெட்டறதும் கம்பிய வெட்டறதும் ஒண்ணு.' நாம் என்ன செய்கிறோம்? முகத்தில் அரை மக் தண்ணீர், அடுத்த நிமிஷம் ரேசர். அவர் வெந்நீர்த் துணியை வைத்து, பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றி மூன்று நிமிஷமாவது நுரை ஏற்றுகிறார். முடி தண்ணீர் குடித்துத் தளர்ந்த பிறகுதான் இரும்பு பக்கத்திலேயே வருகிறது. இதில் விஞ்ஞானமும் அவர் கட்சி. முடியைவிட பிளேடு எஃகு ஐம்பது மடங்கு கடினம். அப்படியிருந்தும் சில ஷேவிங்கிலேயே ஏன் மழுங்குகிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆராய்ந்து, 2020-ல் வெளியிட்டார்கள். பிளேடு தேய்வதில்லையாம். முடி வளைந்து கோணலாக மோதும்போது கூரின் விளிம்பு நுணுக்கமாகச் சிதறிப்போகிறதாம்!

அடுத்தது இடது கை. நம் இடது கை பெரும்பாலும் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் செல்போனை. அவருடைய இடது கை முழு நேர ஊழியர். கன்னத்தை மேலே இழுக்கிறது, தாடைத் தோலைக் காதுப் பக்கம் ஒதுக்குகிறது, மூக்கு நுனியைச் செல்லமாகத் தூக்குகிறது. தோல் தம்பட்டம் மாதிரி விறைத்து நின்றால் முடி நிமிர்கிறது. கத்தி அடியோடு எடுக்கிறது. இதுதான் சலூன் ஷேவின் மொத்த ரகசியம்!

அப்புறம் சாய்வு. கத்தியைத் தோலிலிருந்து ஏறக்குறைய முப்பது டிகிரிதான் தூக்க வேண்டும். சேஃப்டி ரேசரில் இந்தக் கவலையில் பாதி உங்களுக்கு இல்லை. பிளேடு எவ்வளவு எட்டிப் பார்க்கலாம் என்பதை மூடியும் அடித்தட்டும் சேர்ந்து முன்கூட்டியே தீர்மானித்துவிட்டன. அதுவே அதன் பலம். பலவீனம் என்னவென்றால், அந்தப் பாதுகாப்பை நம்பி நாம் அழுத்துகிறோம். 'நீங்க முடிய எடுக்கல தம்பி, தோலைச் சீவறீங்க' என்றார், என் சிவப்புப் புள்ளிகளில் படிகாரத்தை ஒற்றியபடி. நாற்காலியை விட்டு அரை அடி எழும்பினேன்!

இந்தச் சேஃப்டி ரேசரைப் பிரபலமாக்கிய கிங் கேம்ப் ஜில்லெட் ஒரு பாட்டில் மூடி விற்பனையாளர். தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி வாங்குகிற மாதிரி ஒரு பொருள் வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவருக்கு, 1895-ல் ஷேவ் பண்ணப் போகும்போது இந்த யோசனை வந்தது. அவ்வளவு மெல்லிய தகட்டுக்குக் கூர் ஏற்ற முடியாது என்று கையை விரித்தார்கள். நிக்கர்சன் என்ற எஞ்சினீயர் முடித்துக் காட்டினார். 1903-ல் மொத்த விற்பனை 51 ரேசர், 168 பிளேடு. அப்புறம் முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் சிப்பாய்களுக்கு லட்சக்கணக்கில் வாங்கிக் கொடுத்தது. ஊர் திரும்பியவர்கள் பழக்கத்தை விடவில்லை. சலூன்காரர்களிடமிருந்து தினசரி ஷேவிங்கைப் பிடுங்கிக்கொண்டது இந்தப் பாட்டில் மூடி ஆசாமிதான்.

அண்ணன் பாடத்தை வைத்து அடுத்த ஒரு வாரம் நானே இரண்டு கன்னமும் ஷேவ் பண்ணினேன். வெந்நீர், மூன்று நிமிஷ நுரை, இடது கைக்கு உத்தியோகம், அழுத்தம் இல்லை. முதல் தடவை முடி வளர்கிற பக்கமாக. மறுபடி நுரை போட்டு இரண்டாம் தடவை குறுக்காக. (மேன்ஷன் பாத்ரூம் வாசலில் கேட்ட வார்த்தைகளை அச்சில் ஏற்ற முடியாது!) மூன்று மணி உப்புத்தாள் ஆறு மணிக்குத் தள்ளிப்போனது. தாடைக்கு அடியில் மட்டும், மோட்டார் பம்ப் மாதிரி தொண்டைக்குழி ஏறி இறங்குகிற இடத்தில், அண்ணனை ஜெயிக்க முடியவில்லை. அங்கே முடி நாலா பக்கமும் முளைக்கிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது.

ஆகவே தினசரி ஆபீஸுக்கு இரண்டு, மூன்று ரூபாய் பிளேடும் சேஃப்டி ரேசருமே தாராளம். நாலு பிளேடு, அஞ்சு பிளேடு கார்ட்ரிட்ஜுக்குக் காசைக் கொட்டுவதைவிட ஒரு நல்ல பிரஷ் வாங்கலாம். அந்தப் பல பிளேடு சமாச்சாரத்தில் முதல் பிளேடு முடியை இழுக்க, அடுத்தது தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுகிறது. சுருட்டை முடிக்காரர்களுக்குப் பருப்பருவாக முளைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இன்டர்வியூ, கல்யாணம் என்றால் மட்டும் கன்னத்தை அண்ணன்மார்களிடம் ஒப்படையுங்கள்.

அந்தப் பழைய கத்தியைக் கடைசியில் பார்த்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை சலூன் லீவு. அதனால் திங்கள் ராத்திரி கடை கட்டுகிற நேரத்தில்தான் அண்ணன் தன் முகத்தைக் கவனிப்பார். அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய அடப்பம் வந்தது. உள்ளே துணி சுற்றிய கத்தி. அடிக்கட்டையில் 'சோலிங்கன்' என்று பொறித்திருந்தது. ஜெர்மனியில் டுசல்டார்ஃப் பக்கத்தில் இருக்கிற ஊர். கத்திக்கே பேர்போனது. அந்த ஊரில் செய்யாத கத்திக்கு அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 1938-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அண்ணனுடைய அப்பா வாங்கியதாம். சாணைக்கல்லில் இழைத்து இழைத்து அலகு பாதி தேய்ந்திருந்தது. முதுகு கனமாக, நடுவில் இரண்டு பக்கமும் குழிந்து, விளிம்பு காகிதம் மாதிரி. கல்லில் வைக்கும்போது முதுகும் விளிம்பும் சேர்ந்து படும். சாய்வைக் கத்தியே பார்த்துக்கொள்ளும். தோல்வாரில் தீட்டுவது கூரை நிமிர்த்தத்தான், அராவ அல்ல.

'எனக்கு ஒரு தடவை...' என்று ஆரம்பித்தேன்.

'வேணாம் தம்பி' என்று முடித்துவிட்டார். 'வெந்நீர்ல போட்டு எடுக்கலாம், மருந்து போடலாம். ஆனா சோப்பு போட்டப்புறம் ஒரு முகம் எழுந்து போறதை இன்னொரு வாட்டி பார்க்க எனக்குத் தெம்பில்ல.'

நாற்காலிக் கைப்பிடியில் வாரை மாட்டி, முப்பது நாற்பது இழுப்பு. பட்... பட்... பட் என்று ஒரு தாளம். அப்புறம் தெருவைப் பார்த்தபடி நின்று ஷேவ் பண்ண ஆரம்பித்தார். கண்ணாடி பின்பக்கம் இருந்தது! வெற்றுத் தொண்டையில் மூணு அங்குல எஃகு மேலே போகிறது, கீழே வருகிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் மெல்லிசாக ஒரு ரீங்காரம். பாதி பிளேடுக்கு இந்தச் சத்தம் இல்லை. எனக்குத்தான் எச்சில் விழுங்க முடியவில்லை.

பேச்சு மகன் பக்கம் போனது. பி.காம். படித்து அம்பத்தூரில் கம்பெனி வேலை. 'அஞ்சு பிளேடு ரேசர் வச்சிருக்கான். என் கையால பண்ணிக்க மாட்டான். ஆபீசுல அப்பா என்ன பண்றாருன்னு கேட்டா பிசினஸ்னு சொல்லுவானாம். இதுவும் பிசினஸ்தானே?' அவருடைய தாத்தா இதே மாதிரி ஒரு கத்தியால் ஊரில் கட்டி கீறி மருந்து போட்டவராம். அவர்கள் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயர் சும்மா வரவில்லை.

'விலைக்குக் கொடுப்பீங்களா அண்ணே?' என்று கேட்டேன்.

'வாங்கி யாருக்குப் பண்ணப் போறீங்க?' என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கத்தியைத் துடைத்தார். ஈரம் போக இன்னொரு தடவை துடைத்தார். ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, அடப்பத்துக்குள் வைத்து அலமாரியைச் சாத்தினார். படிகாரத்தைக் கழுத்தில் ஒரு இழுப்பு. முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை.

'அந்தப் பக்கம் ஷட்டரு கொஞ்சம் டைட்டு தம்பி. ஒரு கை புடிங்க' என்றார். இழுத்து இறக்கினோம்.