பெரிய மவுத்பீஸ்: பாஸ் டிராம்போன் குறிப்புகள்

எண்ணைப் பார்த்து மவுத்பீஸ் வாங்கக் கூடாது. பாக் நிறுவனத்தின் கணக்கில் எண் குறையக் குறைய அளவு பெரிதாகும்: 5ஜி டெனர் டிராம்போனுக்கு, 1½ஜி பாஸ் டிராம்போனுக்கு, 1ஜி அதைவிடவும் அகலம். டெனிஸ் விக்கும் அந்த வழிதான். ஷில்கியும் யமஹாவும் நேர்மாறு. 58, 59, 60 என்று எண் ஏற ஏற வாய் விரியும். டக் எலியட் அங்குலத்தை நூறாகப் பிரித்து 112, 114 என்று போடுகிறார்: 1.12 அங்குலம், 1.14 அங்குலம். பார்த்ததும் புரிகிற கணக்கு. இருந்தும் அளவு முழுதாகத் தெரிந்துவிடாது. ரிம்மின் உள்விட்டத்தை எந்த ஆழத்தில் அளப்பது என்பதில் செய்பவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. உள் ஓரம் கூர்மையாக நிற்கும் ரிம்மும், உருண்டு இறங்கும் ரிம்மும் தாளில் ஒரே 28 மி.மீ. என்றாலும் உதட்டுக்கு வேறு வேறு அளவாகவே படும். எண், எந்த அலமாரியில் தேடுவது என்று சொல்லும். அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை.

*

பாக் 1½ஜியின் உள்விட்டம் சுமார் 27 மி.மீ. இன்று பெரியது என்று பேசப்படுபவை 28இலிருந்து 29 வரை. சில அதற்கும் மேலே. ஒன்றரை மி.மீ.தானே என்று தோன்றும். விட்டம் 27இலிருந்து 28.5 ஆனால் ரிம்முக்குள் அடங்கும் பரப்பு சுமார் 11 சதவீதம் கூடிவிடுகிறது. கூடிய அத்தனை உதட்டையும் கட்டுக்குள் வைத்து அதிரச் செய்ய வேண்டியது வாசிப்பவரின் தசை. டெனரின் 5ஜியிலிருந்து 1½ஜிக்கு வருவதும் ஏறக்குறைய இதே தாவல்தான். அந்தத் தாவலுக்கு மாணவர்கள் மாதக்கணக்கில் பொறுமை காட்டுகிறார்கள். இதற்கு மட்டும் கடையில் ஒரு மதியம் போதும் என்று நினைக்கிறார்கள்.

*

பாஸ் டிராம்போனும் டெனர் டிராம்போனும் ஒரே நீளக் குழாய்; சுமார் 2.7 மீட்டர், இரண்டும் பி ஃபிளாட். பெரிய டெனரின் துளை சுமார் 13.9 மி.மீ. என்றால் பாஸின் துளை 14.3. வித்தியாசம் அரை மி.மீ.கூட இல்லை. இரண்டாவது வால்வையும் அகன்ற மணிவாயையும் கணக்கில் சேர்த்தாலும், இந்த வாத்தியம் பாஸாக ஒலிப்பதில் மவுத்பீஸின் பங்கு பெரிது. அது தன் குரலை இழந்து டியூபாவின் நிழலாக மழுங்குவதிலும் அதே மவுத்பீஸுக்குப் பங்கு உண்டு.

இந்தக் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது அந்தக் கவலைதான். வரிசையின் மூன்றாவது நாற்காலியில், பாஸில், இருந்து வருவது டிராம்போனின் குரலாக இருக்க வேண்டும். பக்கத்தில் இரண்டு டெனர்கள் வாசிக்கும்போது மூன்றும் ஒரே குடும்பமாகக் கேட்க வேண்டும். பிராம்ஸின் முதல் சிம்ஃபனியை நினைத்துப் பார்க்கிறேன். 1876இல் அரங்கேறியது. டிராம்போன்கள் மூன்று பகுதிகள் சும்மா உட்கார்ந்திருந்து, கடைசிப் பகுதியில்தான் வாயைத் திறக்கின்றன. அதுவும் மெதுவாக, ஒரு கோரலில். அந்த சிம்ஃபனியில் டியூபா கிடையாது. பித்தளைக் கூட்டத்தின் அடித்தளம் முழுக்க மூன்றாவது டிராம்போன். அந்த இடத்தில் வேண்டியது பருமன் மட்டும் என்றால் பிராம்ஸ் டியூபாவையே எழுதியிருக்கலாம். அடுத்த சிம்ஃபனியில் எழுதினார்.

*

ரிம், கப், த்ரோட், பேக்போர், ஷாங்க். மவுத்பீஸின் இந்த ஐந்து பாகங்களில் எல்லோரும் பேசுவது ரிம்மின் விட்டத்தை. காதில் விழுவதில் பெரும்பங்கு கப்பும் த்ரோட்டும்.

கப்பின் கொள்ளளவும் அதன் அடியில் இருக்கும் த்ரோட் துளையும் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு சுருதி வைத்திருக்கின்றன. ரிம்மை உள்ளங்கையில் தட்டினால் டப் என்று கேட்கிறதே, அது. அந்தச் சுருதியை ஒட்டி வரும் அதிர்வுகளுக்கு மவுத்பீஸ் கூடுதல் வலு தருகிறது. கப் பெரிதானால் அந்தச் சுருதி கீழே இறங்கும். த்ரோட் அகன்றால் மேலே ஏறும். அதனால்தான் பெரிய கப் செய்பவர்கள் த்ரோட்டையும் அகலமாக்குகிறார்கள். 1½ஜி மாதிரியில் சுமார் 7 மி.மீ. இருப்பது, பெரியவற்றில் 8ஐ நெருங்கும். ஒன்றை மட்டும் பெரிதாக்கி மற்றதை விட்டுவிட்டால் வாத்தியத்தின் பதில் ஓரிடத்தில் தடிக்கும், இன்னோரிடத்தில் மெலியும்.

இன்னொரு விளைவும் உண்டு. கடையில் யாரும் சொல்வதில்லை. உயரமான ஸ்வரங்களுக்கு கப் என்பது குழாயில் ஒட்டிய கூடுதல் நீளம் போல நடந்துகொள்ளும். சுருதி ஏற ஏற அந்த நீளம் கூடும். எனவே கப் பெரிதானால் மேல் ஸ்வரங்கள் தாழ்ந்து போகும். டிராம்போனில் ஸ்லைடு இருக்கிறதே, சரிசெய்துகொள்ளலாம் என்பார்கள். முதல் பொசிஷனில் ஸ்லைடு முழுதும் உள்ளே இருக்கிறது. அங்கே எஃப் தாழ்ந்து வந்தால் மேலே ஏற்ற இடமே இல்லை. டியூனிங் ஸ்லைடை உள்ளே தள்ளினால் கீழ் ஸ்வரங்கள் எல்லாம் சேர்ந்து ஏறிவிடும். புது மவுத்பீஸோடு ட்யூனரை எடுத்துக்கொண்டு முதல் பொசிஷனின் ஸ்வரங்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவது நல்லது. பத்து நிமிடம்கூட ஆகாது. பிற்பாடு வரக்கூடிய பெரிய தொல்லை ஒன்று அப்போதே தெரிந்துவிடும்.

*

பெடல் பி ஃபிளாட், 58 ஹெர்ட்ஸ். வாத்தியக் கண்காட்சிகளில் புதுப் பெரிய மவுத்பீஸ் கையில் கிடைத்ததும் எல்லோரும் முதலில் ஊதுவது இதைத்தான். அறையே அதிரும், முகம் மலரும், பை திறக்கும். சோதனை என்று பார்த்தால் பெடல் மிகவும் பலவீனமான சோதனை. டிராம்போன் குழாயின் முதல் ஒத்ததிர்வு பெடல் ஸ்வரத்தின் இடத்தில் இல்லை. அதைவிட நன்றாகக் கீழே கிடக்கிறது. பெடலைத் தாங்குவது அதற்கு மேலிருக்கும் ஒத்ததிர்வுகள். உதடு அந்த வேகத்தில் தளர்ந்து அதிர்ந்தால் போதும், அவை கை கொடுக்கும். பெரிய ரிம்மில் உதடு தளர்வது எளிது என்பதால் எந்தப் பெரிய மவுத்பீஸும் அங்கே அழகாகவே இருக்கும்.

பார்க்க வேண்டிய இடம் அதற்குச் சற்று மேலே. பெடலுக்கும் இரண்டாம் ஒத்ததிர்வுக்கும் நடுவே, வால்வுகளைப் பிடித்துக்கொண்டு எடுக்கிற சி, பி ஆகியவை. 65 ஹெர்ட்ஸ், 62 ஹெர்ட்ஸ். இரண்டு வால்வுகளின் குழாயும் சேர்ந்து காற்று போகும் வழி நீண்டுவிட்டது, வளைவுகளும் கூடிவிட்டன. இங்கே மெதுவாக, மிக மெதுவாக ஒரு ஸ்வரத்தை நாக்கு தொடாமல் ஆரம்பித்துப் பார்க்க வேண்டும். காற்று மட்டும் முதலில் வந்து, பிறகு ஸ்வரம் தயங்கி வந்தால் அந்த மவுத்பீஸ் இன்னும் உங்களுடையது ஆகவில்லை.

*

நடுஸ்தாயியைச் சோதிப்பவர்கள் குறைவு. ஒரு மாலைக் கச்சேரியில் பாஸ் டிராம்போன் பெரும்பாலான நேரம் இருப்பது அங்கேதான்.

ஹைடனின் படைப்பு ஆரட்டோரியோவில், ‘முடிந்தது மாபெரும் பணி’ என்று பாடும் கோரஸில் மூன்றாவது டிராம்போனுக்கு ஓட்டமான பகுதி ஒன்று வருகிறது. 1798இல் வியன்னாவில் ஒலித்தது. இன்றும் ஆர்கெஸ்ட்ரா தேர்வுகளில் பாஸ் டிராம்போன்காரர்களை உட்கார வைத்துக் கேட்பது அதைத்தான். கனத்தால் அங்கே பயன் எதுவும் இல்லை. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முகமும் முதுகும் தெரிய வேண்டும். பழைய 1½ஜியில் தெளிவாக வந்த வரி, 29 மி.மீ.யில் ஈரத்தில் கலைந்த மை மாதிரி ஊறிப் போகிறதா என்று கேட்டுப் பார்த்தால் போதும். ஒரு மவுத்பீஸைப் பற்றி அரை மணி நேரப் பேச்சில் கிடைக்காத சேதி இந்த எட்டுப் பத்து வரிகளில் கிடைக்கும்.

கேட்பவர் வாசிப்பவராக இருக்கக் கூடாது. மவுத்பீஸுக்குப் பின்னால் நிற்பவருக்குப் பெரிய கப் எப்போதும் இதமாகவே கேட்கும். தாடை எலும்பு வழியாக வரும் அதிர்வும் சேர்ந்து ஏமாற்றும். பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி நம்பிக்கையான காது ஒன்று வேண்டும். எந்த மவுத்பீஸ் என்று அவருக்குச் சொல்லாமல் மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும்.

*

வின்சென்ட் பாக் வியன்னாவுக்கு அருகில் பாடனில் 1890இல் பிறந்தவர். பொறியியல் படித்தவர், டிரம்பெட் வாசித்தவர். 1918இல் நியூயார்க்கில் மவுத்பீஸ் செய்ய ஆரம்பித்தார். 1953இல் மவுண்ட் வெர்னானுக்குப் போனார். 1960களில் தொழிற்சாலை எல்கார்ட்டுக்கு மாறியது. மவுண்ட் வெர்னானில் செய்த பழைய 1½ஜியை இன்றும் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைய அமெரிக்க பாஸ் டிராம்போன்காரர்களுக்கு அந்த அளவு போதுமானதாக இருந்தது.

ஜார்ஜ் ராபர்ட்ஸ் 1950களின் தொடக்கத்தில் ஸ்டான் கென்டன் குழுவில் வாசித்தார், பிறகு ஹாலிவுட்டில் நெல்சன் ரிடிலின் ஏற்பாடுகளில், சினாட்ராவின் பதிவுகளில். பாஸ் டிராம்போனில் ஒரு பாடலைப் பாட முடியும் என்று காட்டியவர் அவர். அந்த ஒலியில் அகலம் இருக்கிறது. நடுவில் ஒரு கருவும் இருக்கிறது. அகலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தவர்கள் நிறைய.

எட்வர்ட் கிளைன்ஹாமர் 1940 முதல் 1985 வரை சிகாகோ சிம்ஃபனியில் பாஸ் டிராம்போன் வாசித்தார். அவர் காலத்திலேயே வாத்தியம் மாறிவிட்டது. ஒரு வால்வு இரண்டானது. எட்டாமல் இருந்த பி இயற்கையாக எட்டியது. எட்டியதும் அந்த இடத்தில் நிறைய எழுதினார்கள். எழுதியதை நன்றாக வாசிக்க வேண்டும் என்று கப்பைப் பெரிதாக்கினார்கள். பெரிய மவுத்பீஸை வெறும் மோகம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தேவையிலிருந்து பிறந்தது அது. தேவை இல்லாத இடத்துக்கும் அது பரவிவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

*

உதடு தடித்தவருக்குப் பெரியது, மெல்லியவருக்குச் சிறியது என்று ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சுலபமாகப் பிரித்துவிட முடியாது. ரிம் எங்கே உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். உதட்டின் சிவந்த மென்சதையில் ரிம் அழுந்தினால் இரத்த ஓட்டம் குறையும், தோல் புண்ணாகும், அரை மணி நேரத்தில் ஒலி உடையும். சிவப்புக்கு வெளியே, தசை இருக்கும் தோலில் ரிம் அமர இடம் வேண்டும். தடித்த உதட்டுக்காரருக்குப் பெரிய ரிம் உண்மையிலேயே நிம்மதி தருவது இதனால்தான். கீழ்ஸ்தாயி அதற்கு அடுத்த பேச்சு. முன்பல் ஒன்று சற்று வெளியே நீண்டிருந்தால் கணக்கு மறுபடி மாறும்.

*

டெனர், பாஸ் இரண்டையும் வாசித்துப் பிழைப்பவர்கள் பெரிய மவுத்பீஸ் பக்கம் போவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். இசை நாடக அரங்கில் ஒரே இரவில் பத்து முறை வாத்தியம் மாற்ற வேண்டி வரும். டெனரின் 25.5க்கும் பாஸின் 29க்கும் நடுவே உதடு எத்தனை முறை தாவும்? இவர்களுக்கு 1½ஜி அளவே பொருத்தம் என்பது என் கருத்து. ரிம்மைக் கழற்றி மாட்டும் எலியட் மாதிரி அமைப்பும் உதவும்; கப்பை ஆழமாக்கலாம், ரிம்மை ஓரிரு படி மட்டும் கூட்டலாம்.

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு 29 மி.மீ. கொடுப்பதை நான் ஏற்கவே மாட்டேன். உதட்டின் ஓரத் தசைகள் பிடிக்கக் கற்றுக்கொள்ளும் வயது அது. பிடிக்கத் தெரியாத வாய்க்கு அகலமான இடம் கொடுத்தால் அது தளர்வையே பழகும்.

*

வெள்ளி முலாம், தங்க முலாம், ஸ்டீல், பிளாஸ்டிக் ரிம். தங்கம் வழுக்கும், வெள்ளி சற்றுப் பிடிக்கும். வெள்ளி ஒத்துக்கொள்ளாத தோல்களுக்குத் தங்கம் உதவும். ஒலியில் இவை செய்யும் மாற்றத்தைப் பற்றி நீளமாகப் பேசுபவர்கள் உண்டு. நான் பேசமாட்டேன்.

*

ஷாங்க். நல்ல மவுத்பீஸ் ஒன்றைக் கெட்டது என்று ஒதுக்கிவிடுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். ரிசீவரில் சுமார் ஓர் அங்குலம் உள்ளே போய் அசையாமல் உட்கார வேண்டும். விரலால் மெதுவாக ஆட்டும்போது துளி ஆட்டம் இருந்தாலும் சரிவு பொருந்தவில்லை என்று அர்த்தம். மிகவும் உள்ளே போனாலும், மிகவும் வெளியே நின்றாலும், ஷாங்க் முனைக்கும் உள்ளே இருக்கும் லீட்பைப்பின் தொடக்கத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மாறும். ஸ்வரம் பற்றும் விதமும் சுருதியும் அதோடு மாறும். வெவ்வேறு வாத்தியத்தில் ஒரே மவுத்பீஸ் வேறு வேறாக நடப்பதற்கு இது ஒரு காரணம். நண்பரின் வாத்தியத்தில் அருமையாக இருந்ததே என்று வாங்கி வருபவர்கள் முதலில் இடறுவது இங்கேதான்.

*

பெரியது ஒன்றைத் தேர்ந்த பிறகும் பழையதை விற்க வேண்டாம். புதியதையே சில வாரம் வைத்து ஒத்திகை, கச்சேரி எல்லாம் வாசித்த பிறகு, பழையதை மாட்டி அதே ஹைடன் வரியை ஒருமுறை பதிவு செய்யுங்கள். பிறகு புதியதில். மூன்று மணி நேர ஒத்திகையின் கடைசி அரை மணியிலும் அதேபோல இரண்டு பதிவு. களைத்த உதட்டில் பெரியது கருவை விட்டுவிட்டால், 28.5இலிருந்து 28க்கு இறங்கிப் பாருங்கள். கப்பை அப்படியே வைத்துக்கொண்டு ரிம்மை மட்டும் இறக்க முடிந்தால் இன்னும் நல்லது. பலருக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது.