எழுந்து நிற்காத மூவர்

இலக்கியம் பேசும் இப்பக்கங்களில் கால்பந்தாட்டத்தைப் பற்றி எழுதப் புகுவதற்கு நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். இதில் ஆட்டம் குறைவு, வழக்கே மிகுதி. ஒரு மனிதர் தம் பதவியில் நீடிக்கலாமா, விலக வேண்டுமா என்று அவரை ஒருமுறைகூட நேரில் கண்டிராத நாங்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாக நடத்திய வழக்கு அது. நாங்கள் என்றால் மூவர். ஒரே ஆண்டில் தமிழ் முதுகலை படித்து, பின்னர் ஒரே மாவட்டத்தில் வெவ்வேறு கல்லூரிகளில் விரிவுரையாளர்களானோம். நான்காமவர் அண்ணாச்சி. நாங்கள் படித்த கல்லூரியில் அவர் உடற்கல்வி இயக்குநர். விடுதி மாணவர்கள் சிலரை இரவில் தம் அறைத் தொலைக்காட்சியின் முன் அமர்த்தி, தேநீர்க் கிளாசுகளை மேசைமேல் நகர்த்தி நகர்த்தி ஆஃப்சைடு விதியைப் புரிய வைத்தவர். ஆர்சனல் என்னும் லண்டன் கழகத்தை எங்களுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே.

அண்ணாச்சிக்கு அக்கழகத்தைவிட அதன் மேலாளர் ஆர்சென் வெங்கரின்மீதே பற்று அதிகம். 1996ஆம் ஆண்டு ஜப்பானின் நகோயா அணியை விட்டு லண்டனுக்கு வந்த இந்தப் பிரெஞ்சுக்காரரை 'யார் இவர்?' என்றுதான் ஆங்கிலப் பத்திரிகைகள் வரவேற்றன. வந்ததும் அவர் கைவைத்தது வீரர்களின் சாப்பாட்டுத் தட்டில். சாக்லேட் நின்றது, வேகவைத்த காய்கறியும் மீனும் வந்தன. ஆட்டம் முடிந்ததும் குடிக்கப் போகிற ஆங்கில வழக்கம் மெல்ல ஒடுங்கியது. பயிற்சியின் ஒவ்வொரு பகுதியும் கடிகாரத்தை வைத்து நடத்தப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1998இல், லீக் பட்டமும் எஃப்.ஏ. கோப்பையும் சேர்ந்து வந்தன. பொரித்த பரோட்டாவைத் தின்றுவிட்டு மைதானத்துக்கு வரும் பிள்ளைகளோடு ஆயுள் முழுதும் மல்லுக்கட்டிய ஓர் உடற்கல்வி ஆசிரியருக்கு இம்மனிதர் ஏறத்தாழக் குலதெய்வமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

நாங்கள் பார்க்கத் தொடங்கியது 2003-04 பருவத்தில். அது எங்கள் நற்பேறா தீப்பேறா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. 38 ஆட்டங்கள், 26 வெற்றி, 12 சமன், ஒரு தோல்விகூட இல்லை. முந்தைய பருவத்தின் இறுதியில் தொடங்கிய அந்தத் தோல்வியற்ற ஓட்டம் 49 ஆட்டங்கள் நீண்டு, 2004 அக்டோபரில் மான்செஸ்டரில்தான் முடிந்தது. கால்பந்து என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிட்டோம். முதன்முதலில் கேட்ட கச்சேரியே வாழ்நாளின் ஆகச் சிறந்த கச்சேரியாக அமைந்துவிட்ட ரசிகனின் நிலை அது. அதற்குப் பின் கேட்பதெல்லாம் சுருதி குறைந்ததாகவே படும்.

2006இல் கழகம் ஹைபரி என்னும் பழைய அரங்கை விட்டு, அறுபதாயிரம் பேர் அமரும் எமிரேட்ஸ் அரங்கிற்குக் குடிபெயர்ந்தது. செலவு 39 கோடி பவுண்டு. வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், அதற்குப் பின் வரும் ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்று. 2007இல் தியரி ஆன்றி போனார். 2011இல் ஃபாப்ரகாஸ் போனார், நஸ்ரி போனார். 2012இல் வான் பெர்சி, மற்ற எல்லா அணிகளையும் விட்டு, மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே போனார். வளர்த்து விற்பதும், விற்ற இடத்தில் மீண்டும் ஓர் இளைஞனை நட்டுத் தண்ணீர் ஊற்றுவதுமாக வெங்கர் காலம் தள்ளினார். 2005க்கும் 2014க்கும் இடையே ஒரு கோப்பைகூட இல்லை. ஆயினும் முதல் நான்கு இடங்களிலிருந்து அணி இறங்கவே இல்லை. இருபது பருவங்கள் தொடர்ந்து அப்படி.

வழக்கு இங்கேதான் பிறந்தது. 'கடனை அடைத்துக்கொண்டே நான்காம் இடத்தைக் காப்பவன் கெட்டிக்காரன் இல்லையா?' என்பார் அண்ணாச்சி. 'கடன் காலம் முடிந்த பின்னும் நான்காம் இடம்தானா?' என்போம் நாங்கள். 2011 பிப்ரவரியில் நியூகாசிலுக்கு எதிராக நான்கு கோல் முன்னிலை பெற்றும் 4-4 என்று முடித்ததை எடுத்து வைப்போம். அதே ஆண்டு ஆகஸ்டில் மான்செஸ்டரில் வாங்கிய 8-2ஐ வைப்போம். சாம்பியன்ஸ் லீக்கில் 2011 முதல் 2017 வரை ஏழு ஆண்டுகளும் பதினாறு அணிகளின் சுற்றிலேயே வெளியேறியதை வைப்போம். எல்லாவற்றுக்கும் மேலாக 2016ஐ வைப்போம்: பெரிய அணிகள் எல்லாம் ஒருசேரத் தடுமாறிய அந்த ஆண்டில் பட்டம் லெஸ்டருக்குப் போயிற்று, பத்துப் புள்ளி பின்தங்கி ஆர்சனல் இரண்டாமிடம்.

அண்ணாச்சியிடம் இருந்தது ஒரே துருப்புச்சீட்டு. 2013இல் ஃபெர்குசன் ஓய்வு பெற்றார். அவர் இடத்தில் டேவிட் மோயஸ் வந்தார். பத்தே மாதத்தில் அனுப்பப்பட்டார். நடப்புச் சாம்பியனான மான்செஸ்டர் யுனைடெட் ஏழாமிடத்திற்குச் சரிந்தது. "போகச் சொல்லுதீக, சரி. வாறது யாரு? அதச் சொல்லுங்க தம்பி" என்று கேட்டுவிட்டுத் தேநீரை ஆற்றத் தொடங்குவார். எங்களிடம் பெயர் இருக்காது. செல்சீயைக் காட்டுவோம், அங்கே 2005 தொடங்கி 2017 வரை மேலாளரை மாற்றி மாற்றியே ஐந்து லீக் பட்டங்கள் வென்றார்களே என்போம். "அது துட்டு வே" என்பார். பாதி உண்மை. செல்சீயில் யார் வந்தாலும் போனாலும் வீரர்களை வாங்க வேறு ஆட்கள் இருந்தார்கள். ஆர்சனலிலோ 2007இல் டேவிட் டீன் நிர்வாகத்தை விட்டுப் போனபின், யாரை வாங்குவது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதெல்லாம் பெரும்பாலும் வெங்கர் ஒருவரின் தலைமேல் வந்து நின்றன. தூண் பழுதென்று எல்லாரும் சொன்னோம். கூரை முழுவதும் அந்த ஒரு தூணின்மேல் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நாங்கள் உட்பட.

எங்களில் ஒருவர் ஒருநாள் குறளைத் துணைக்கு அழைத்தார். (தமிழாசிரியர்கள் கூடுமிடத்தில் தப்பிக்க முடியாத ஒன்று.) அண்ணாச்சி நிற்பது 'செய்ந்நன்றி அறிதல்' அதிகாரத்தில், நாம் நிற்பது 'தெரிந்துவினையாடல்' அதிகாரத்தில், வள்ளுவர் முன்னதை அறத்துப்பாலிலும் பின்னதைப் பொருட்பாலிலும் வைத்திருக்கிறார், ஆகவே இரண்டையும் மோதவிடுவதே பிழை என்றார். அண்ணாச்சி சற்று யோசித்துவிட்டு, "ரெண்டும் ஒரே புஸ்தகந்தானே?" என்றார். வகுப்பில் பல முறை அவ்வரியைச் சொந்தச் சரக்காகப் பயன்படுத்தியிருக்கிறோம்.

லண்டனில் நடந்த சண்டை இவ்வளவு இதமாக இருக்கவில்லை. 2014 டிசம்பரில் ஸ்டோக்கில் தோற்றுவிட்டு ரயிலேற வந்த வெங்கரை, நடைமேடையில் நின்ற சொந்த ரசிகர்களே கூவி ஏளனம் செய்த காட்சியைக் கைபேசியில் யாரோ எடுத்திருந்தார்கள். நீண்ட அங்கி அணிந்த, அறுபத்தைந்து வயதான ஒருவர் தலையைத் திருப்பாமல் பெட்டிக்குள் ஏறுகிறார். அதைப் பார்த்துவிட்டு நாங்கள் வாயடைத்துப் போனோம் என்று எழுதவே ஆசை. உண்மையில் எங்களில் இருவர் சிரித்தோம்.

2017 வசந்தத்தில் வழக்கு முற்றியது. பேயர்ன் மியூனிக் அங்கே 5-1, இங்கே 5-1, கூட்டினால் 10-2. நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி ஒன்றேகால் மணிக்குத் தொடங்கிய ஆட்டம் அது; மறுநாள் முதல் வகுப்புக்கு மூவருமே தாமதம். பத்து நாள் கழித்து வெஸ்ட் பிராமில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில், மைதானத்திற்கு மேலே ஒரு சிறு விமானம் புதிய ஒப்பந்தம் கூடாது என்ற பதாகையை இழுத்துக்கொண்டு பறந்தது. சற்று நேரத்தில் மற்றொரு விமானம். ஆர்சென்மீது நம்பிக்கை வைக்கிறோம் என்றது அதன் பதாகை. கீழே அணி 3-1 என்று தோற்றுக்கொண்டிருந்தது. தம் கழகம் தோற்பதைப் பாராமல் அண்ணாந்து வானத்தில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள் ரசிகர்கள். அண்ணாச்சி அன்று எதுவும் பேசவில்லை. வழக்கமாக வாசல்வரை வந்து வழியனுப்புபவர், நாற்காலியிலிருந்தே தலையசைத்தார்.

அந்தப் பருவத்தில் அணி 75 புள்ளி பெற்றும் ஐந்தாமிடம். இருபதாண்டுக் கணக்கு முறிந்தது. எஞ்சியது ஒன்றே ஒன்று: மே 27ஆம் நாள் வெம்பிளியில் செல்சீக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். அதற்கு முந்திய வாரம் நாங்கள் மூவரும் பேசிக்கொண்டதைத்தான் இக்கட்டுரை எழுதி இறக்கி வைக்க விரும்புகிறது. இந்தக் கோப்பையை வென்றால் வெங்கருக்குப் புதிய ஒப்பந்தம் உறுதி. ஆகவே தோற்பதே கழகத்திற்கு நல்லது. இப்படி ஒரு முடிவுக்கு வந்தோம். நிதானமாக, சான்று காட்டி, தர்க்கப் பிழையேதும் இல்லாமல் வந்தோம்.

அண்ணாச்சியின் வீட்டு முன்னறையில் இரவு பத்து மணிக்கு அமர்ந்தோம். நான்காம் நிமிடத்திலேயே சாஞ்செஸ் கோல் போட்டார். பந்து கையில் பட்டதா என்ற பூசலில் எங்கள் மௌனம் மறைந்துகொண்டது. ஓராண்டுக்கு மேலாக ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து ஆடியிராத மெர்ட்டசாக்கர், காயங்களின் புண்ணியத்தால் நடுக்காப்புக்கு வந்து, லீக் சாம்பியனின் தாக்குதல்களை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்தார். அத்தனை நேர்த்தியான ஆட்டத்தை அந்த அணி பல மாதமாக ஆடியிருக்கவில்லை. 76ஆம் நிமிடத்தில் கோஸ்டா சமன் செய்தார். நெஞ்சில் எங்கோ ஒரு மூலையில் ஆறுதல் பிறந்தது, பிறந்ததை உணர்ந்தோம். மூன்று நிமிடம் கழித்து, களத்துக்குள் வந்து சில கணங்களே ஆகியிருந்த ஜிரூ பந்தை உள்ளே தூக்கிவிட, ராம்சி தலையால் முட்டினார். 2-1.

அண்ணாச்சி எழுந்துவிட்டார். முழங்கால் வலிக்காரர், எழுந்த வேகத்தில் வேட்டி அவிழ, ஒரு கையால் பற்றிக்கொண்டு மறு கையை உயர்த்தியபடி எங்கள் பக்கம் திரும்பினார். நாங்கள் உட்கார்ந்திருந்தோம். பதினாலு ஆண்டுகளாக அந்த அணியின் கோலுக்கு எழாத கால்கள் இல்லை எங்களுடையவை. எழுந்துவிடலாம் என்று தோன்றியது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதில் அதற்கான கணம் கடந்துவிட்டது.

உயர்த்திய கையை அவர் மெதுவாக இறக்கினார். "அவரு போகணும்னு கேட்டீக, அதுல ஞாயம் இருந்துச்சு. நம்ம ஆளுக தோக்கணும்னா கேட்டீக?" என்றார். குரல் உயரவில்லை. ஆட்டம் முடியும்வரை இருந்துவிட்டுக் கிளம்பினோம். நான்கு நாளில் வெங்கருக்கு இரண்டாண்டு ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது, நாங்கள் கணித்தபடியே.

வெங்கரைப் பற்றிய எங்கள் தீர்ப்பு பிழையன்று என்றே இப்போதும் கருதுகிறோம். அடுத்த பருவம் அதை மெய்ப்பித்தது. ஆறாமிடம், அரங்கில் விற்ற இருக்கைகளே வெறுமையாகக் கிடந்தன. 2018 ஏப்ரல் 20 அன்று அவர் விலகல் அறிவிக்கப்பட்டது. மே 6ஆம் நாள் பர்ன்லிக்கு எதிரான கடைசி உள்ளூர் ஆட்டத்தில் 5-0 வெற்றி. அறுபதாயிரம் பேரில் பெரும்பாலோர் நன்றி என்று பிரெஞ்சு மொழியில் எழுதிய சிவப்புச் சட்டை அணிந்திருந்தார்கள். அவர்களுள் எத்தனை பேர் விமானத்துக்கு வசூல் கொடுத்தவர்களோ. எங்களில் மிக உரக்கக் கத்தியவர்தான் அன்று கண்ணைத் துடைத்தார். அண்ணாச்சி அழைக்கப்பட்டும் வரவில்லை. மகன் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். அதன்பின் விழாக்களில் சந்தித்தோம், உடல்நலம் விசாரித்தோம், கால்பந்து மட்டும் பேசவில்லை.

அவர் கேட்ட 'வாறது யாரு'வுக்கு விடை வரத் தாமதமாயிற்று. உனாய் எமெரி வந்தார். 2019 நவம்பரில் அனுப்பப்பட்டார். வெங்கரின் கீழ் ஆடிய மிக்கெல் ஆர்டெட்டா வந்தார். 2020 கிறிஸ்துமஸ் வேளையில் அணி பதினைந்தாமிடத்தில் கிடக்க, அவரும் போக வேண்டும் என்ற குரல் எழுந்தது. நாங்களும் எங்கள் பங்குக்கு முணுமுணுத்தோம். கழகம் காது கொடுக்கவில்லை. இரண்டே ஆண்டில் அணி பட்டியலின் உச்சியில் நின்றது.

2022 டிசம்பர் 26. வெஸ்ட் ஹாமுடன் ஆட்டம். நமக்கு அது அதிகாலை ஒன்றரை மணி. இப்போதெல்லாம் அவரவர் வீட்டில், மனைவி மக்கள் உறங்க, ஒலியைக் குறைத்துவிட்டுப் பார்ப்பதே வழக்கம். ஒளிப்படக்கருவி பார்வையாளர் பக்கம் திரும்பியபோது அங்கே வெங்கர் அமர்ந்திருந்தார். விலகிய பின் அந்த அரங்கிற்கு அவர் வந்தது அதுவே முதன்முறை. கூட்டம் அவர் பெயரைப் பாடத் தொடங்கியது. எங்களில் ஒருவரின் கைபேசி அதிர்ந்தது. அண்ணாச்சி.

"ஆளு மெலிஞ்சிட்டாரு, பாத்தீகளா?"

பார்த்தோம் என்றார் நண்பர். இருவரும் இரு வீடுகளிலிருந்து பேசாமல் சற்று நேரம் பார்த்திருக்கிறார்கள். ஆர்சனல் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. பின்னர் சாகாவும் மார்ட்டினெல்லியும் என்கெட்டியாவும் போட்டு 3-1 ஆக்கினார்கள். அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டார் அண்ணாச்சி. முப்பத்தொன்றாம் தேதி, பிரைட்டனில், ராத்திரி பதினொரு மணிக்கு என்றார் நண்பர்.

"அப்போ இங்க வந்திருங்க. மூணு பேரும்."