கடப்படியில் அறுந்த கோல்



போன வாரம் ஓர் இரவு, மூச்சுத் திணறிய வாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கட்டாரில் இருக்கும் தம்பி வீடியோ கோலில், "வாப்பாட முகத்தைக் காட்டுங்க" என்று அழுதுகொண்டே இருந்தான். ஓட்டோ கடப்படியைத் தாண்டியதும் படம் அப்படியே நின்றுவிட்டது. திரும்ப எடுக்கும்வரை அந்தப் பிள்ளை என்ன பாடுபட்டானோ.

டேட்டாவில் எடுத்த கோலோ கல்முனை வரை ஒரு தடவையும் விடவில்லை. வழியில் எத்தனை டவர் மாறியிருக்கும்!

டவர்கள் ஒரே வலையமைப்பைச் சேர்ந்தவை. போன் அக்கம்பக்கத்து டவர்களின் சிக்னலை அளந்து அறிவித்துக்கொண்டே போகும். அடுத்த டவரில் இடம் ஆயத்தமான பிறகுதான் பழையதை விடச் சொல்லி உத்தரவு வரும். போனின் ஐபி முகவரியும் பொதுவாக மாறாது.

வீட்டு வைஃபைக்கும் டவருக்கும் அப்படியொரு பேச்சுவார்த்தை கிடையாது. எப்போது விடுவது என்று போனே தீர்மானிக்கிறது. அதுவோ ஒற்றைக் கோடு தெரியும்வரை வைஃபையைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் (எங்கள் வகுப்பில் மணி அடித்தும் எழும்பாத பிள்ளைகள் மாதிரி). டேட்டாவுக்கு மாறினால் முகவரி புதிது. தம்பியின் குரல் பழைய முகவரிக்கே வந்துகொண்டிருந்தது, நாங்கள் றோட்டில்.

முகவரி மாறினாலும் ஓர் அடையாள எண்ணை வைத்துத் தொடர்பைக் காக்கும் 'குயிக்' என்ற நெறிமுறை 2021இல் தரநிலையானது. எல்லாச் செயலிகளிலும் அது இல்லை. அதனால் அவசரத்துக்கு வெளிக்கிடும்போது வைஃபையை முதலில் நிறுத்திவிட்டே கோல் எடுக்கிறோம்.

வாப்பா இப்போது நலம், அல்ஹம்துலில்லாஹ். உம்மாவுக்குத்தான் வைஃபையை நிறுத்த இன்னும் பழக்கிக்கொண்டிருக்கிறோம்.