துணிக்குள் மறையும் ஒட்டு: கராஜில் பிறக்கும் குட்டி விமானம்!

அமெரிக்காவில் வார இறுதி வந்தால், சிலர் காரை வெளியே நிறுத்திவிட்டு கராஜுக்குள் விமானம் கட்டுகிறார்கள். பொம்மை விமானம் இல்லை. ஏறி உட்கார்ந்து பறக்கிற நிஜ விமானம்!

'அல்ட்ராலைட்' என்று இதற்குப் பெயர். 1982-ல் அந்நாட்டு விமானப் போக்குவரத்துத் துறை இதற்கென்று தனி விதி கொண்டுவந்தது. ஒருவர் மட்டுமே உட்காரலாம். வெற்று எடை 254 பவுண்டுக்குள், அதாவது சுமார் 115 கிலோவுக்குள் இருக்க வேண்டும். எரிபொருள் 5 கேலனைத் தாண்டக் கூடாது. இப்படிச் சில நிபந்தனைகளுக்குள் அடங்கிவிட்டால் பதிவு எண், பைலட் லைசென்ஸ், தகுதிச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை.

கேட்க ஜாலியாக இருக்கிறது, இல்லையா? ஆனால், இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை.

குழாய் போதவில்லை என்றால்?

இவற்றில் பல விமானங்களின் உடற்கூடு, குரோமியமும் மாலிப்டினமும் கலந்த '4130' ரக ஸ்டீல் குழாய்களால் ஆனது. முதல் உலகப் போர்க் காலத்து ஃபாக்கர் விமானங்களிலேயே வெல்டிங் செய்த ஸ்டீல் குழாய்க் கூடு வந்துவிட்டது. அதே முறைதான் இன்றைக்கும். இந்தக் குழாய்களின் சுவர் பல இடங்களில் 0.9 மில்லிமீட்டர் தடிமன்தான்.

மூக்கிலிருந்து வால் வரை ஓடும் நீளக் குழாய்கள்தான் கூட்டின் முதுகெலும்பு. ஆனால், பார்சலில் அனுப்ப வசதியாக வெட்டப்பட்டு வரும் குழாய்கள் பல நேரம் அந்த நீளத்துக்குப் போதாது. அதோடு, வால் பக்கம் சுமை குறைவு என்பதால் அங்கே மெல்லிய குழாய்க்கு மாறி எடையைக் குறைப்பதும் உண்டு. ஆக, நடுவில் எங்கேயோ ஓர் ஒட்டு போட்டே ஆக வேண்டும்.

இரண்டு முனைகளையும் நேராக வெட்டி, முட்டவைத்து, சுற்றிலும் வெல்டிங் செய்தால் ஆயிற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். அதுதான் ஆபத்து. வெல்டிங் சூட்டில், அதை ஒட்டிய உலோகத்தின் குணம் மாறி பலம் குறையும். நேராக வெட்டியிருந்தால், பலம் குறைந்த அந்த இடம் குழாயைச் சுற்றி ஒரே வளையமாக அமைந்துவிடும். அதிர்வும் வளைவும் நாள்தோறும் அந்த ஒரே வளையத்தைத்தான் பதம் பார்க்கும்.

நம் ஊரில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுபவரைப் பார்த்திருக்கிறீர்களா? கிளையை நேராக வெட்ட மாட்டார்; சாய்வாகச் சீவுவார். இங்கேயும் அதேதான். ஒரு முறையில், குழாய்களை 30 டிகிரி சாய்வில் வெட்டி, உள்ளே ஒரு சிறு குழாயைச் செருகி வெல்டிங் செய்கிறார்கள். இன்னொரு முறையில், ஒட்டின் மேல் வெளியுறையாகச் சற்றுப் பெரிய குழாயைப் போடுகிறார்கள். அந்த உறையின் இரு முனைகளும் வாய் பிளந்த மீன்போல வெட்டப்பட்டிருக்கும். 'மீன்வாய்' என்றே இதற்குப் பெயர். வெல்டிங் ஒரே வட்டமாக விழாமல் நீளவாக்கில் பரவுவதால், சுமையும் ஒரு குழாயிலிருந்து அடுத்ததற்குப் படிப்படியாக இறங்கும்.

இதற்கு அளவு கச்சிதமாகப் பொருந்த வேண்டும். சுவர் 0.058 அங்குலம் உள்ள முக்கால் அங்குலக் குழாய்க்குள், 5/8 அங்குலக் குழாய் பட்டும் படாமலும் வழுக்கிக்கொண்டு நுழையும். இடைவெளி 0.009 அங்குலம்தான்!

அழகுக்கு அரம் போடாதே!

பாதுகாப்புதானே என்று கண்ட இடத்திலெல்லாம் உறை போடவும் முடியாது. ஒவ்வோர் உறையும் எடை. அந்த 254 பவுண்டு கணக்கு பின்னாலேயே நிற்கும். போட வேண்டிய இடத்தில் மட்டும், ஒழுங்காகப் போட வேண்டும்.

அதனால், கவனமாகக் கட்டுபவர்கள் முதலில் துண்டுக் குழாய்களில் பழகுகிறார்கள். வெல்டிங் செய்ததை வைஸில் பிடித்து வளைத்துப் பார்க்கிறார்கள். ஹேக்ஸாவால் பிளந்து, உள்ளே சரியாக உருகிச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சூடான ஒட்டைத் தண்ணீர் ஊற்றி ஆறவைப்பதில்லை. அப்படிச் செய்தால் இந்த ஸ்டீல் நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும். காற்றில் தானாக ஆறும்வரை பொறுமை வேண்டும்.

விமானப் பழுதுபார்ப்புக்கான அரசுக் கையேட்டில் ஒரு விதி இருக்கிறது: வெல்டிங் மேடாக இருக்கிறதே என்று அரத்தால் ராவி மழமழப்பாக்கக் கூடாது. ராவினால் பார்க்க அழகாகும், பலம் போய்விடும். சரியாக வராத ஒட்டின் மேலேயே மறுபடி வெல்டிங் செய்து மூடுவதும் கூடாது. பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

கடைசியில் கூட்டின் மேல் துணி போர்த்தி, இறுக்கி, பெயின்ட் அடிப்பார்கள். அதன் பிறகு துணிக்குள் இருக்கும் ஒட்டுகள் யார் கண்ணிலும் படாது. அதற்கு முன்பே பலர் செய்யும் ஒரு காரியம் உண்டு. 1953-ல் மில்வாக்கியில் பால் போபெரெஸ்னி தொடங்கிய சோதனை விமானச் சங்கத்தில், அனுபவமுள்ள தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் கராஜுக்கே வந்து, ஒவ்வோர் ஒட்டாகப் பார்த்துச் சொல்வார்கள். கூப்பிட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனாலும் கூப்பிடுகிறார்கள். "இதை வெட்டி எடுத்துடுங்க" என்று அவர் சொன்னால், ஒரு மாத உழைப்பாக இருந்தாலும் ஹேக்ஸாவை எடுக்கிறார்கள். நாளை அதில் ஏறி உட்காரப்போவது அவர்கள்தானே!