பேகூர்க் கல்லும் மடிவாளக் கல்லும்

பெங்களூர் நகரின் தென்பால், ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது பொம்மனஹள்ளி. நாம் இங்குக் குடியேறிப் பத்தாண்டுகள் ஆகின்றன. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்டிரும், கட்டட வேலைக்கு வந்தோரும், கணிப்பொறி நிறுவனங்களுக்குச் செல்லும் இளைஞரும் நெருங்கி வாழும் பகுதி இது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. 2007-ஆம் ஆண்டு வரை தனி நகராட்சியாக இருந்த இவ்வூர், அவ்வாண்டில் பெங்களூர் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் வழித்தடமும் இவ்வழியே ஓடத் தொடங்கிற்று. இத்தகைய இடத்தில் பழமையைத் தேடுவார் எவருமிலர். நாமும் தேடியதில்லை, தேடும்படி செய்தவன் எம் மைந்தன்.

ஒன்பதாம் வகுப்பில் பயிலும் அவன் ஒரு நாள் மாலை வாடிய முகத்துடன் வீடு திரும்பினான். சிற்றுண்டியைத் தொடவில்லை. அன்னை பலமுறை வினவிய பின்னரே வாய் திறந்தான். விளையாட்டில் எழுந்த பூசலில் உடன் பயிலும் சிறுவன் ஒருவன், "நீங்கள் வெளியூரிலிருந்து வந்தவர்கள்தானே!" என்று சொல்லிவிட்டானாம்.

"அப்பா, நான் பிறந்தது இந்த ஊர். படிப்பது இந்த ஊர். நான் எப்படி வெளியூரான் ஆவேன்?" என்று கேட்டான்.

நாம் ரயில்வேயில் எழுத்தர். எந்த வினாவுக்கும் பதிவேட்டில் விடை இருக்கும் என்று நம்பிப் பழகியவர். மெட்ரிகுலேஷனோடு கல்வி முடிந்ததாயினும், வரலாற்று நூல்களைப் படிக்கும் வழக்கம் மட்டும் நம்மை விட்டு நீங்கவில்லை. மடிவாளத்துச் சோமேசுவரர் ஆலயத்தில் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பதை முன்னரே படித்திருந்தோம். "வருகின்ற ஞாயிற்றுக்கிழமை உன்னை ஓரிடத்துக்கு அழைத்துச் செல்கிறேன், தம்பி. நாம் இங்கே எத்தனை காலமாக இருக்கிறோம் என்பதை உன் கண்ணாலேயே காண்பாய்" என்று பெருமிதத்தோடு கூறினோம். அந்தப் பெருமிதம் என்ன ஆயிற்று என்பதைக் கூறுவதற்கே இக்கட்டுரை.

மடிவாளம், பொம்மனஹள்ளிக்கு வடக்கே நாலைந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பேருந்தை விட்டு இறங்கிப் பழைய ஊருக்குள் நடந்து ஆலயத்தை அடைந்தோம். வெளிச்சுவரிலே வரிவரியாக எழுத்துகள். அவை தமிழ் எழுத்தாலும் கிரந்த எழுத்தாலும் ஆனவை. ஒரு கல்வெட்டு 1247-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 'வேப்பூர்' என்னும் ஊரைச் சேர்ந்த ஒருவர், 'வெங்களூர்' பெரிய ஏரியின் கீழ் உள்ள நிலத்தைக் கொடையாக அளித்த செய்தியை அது கூறுகிறது. வெங்களூர் என்பது இன்றைய பெங்களூர். வேப்பூர் என்பது இன்றைய பேகூர். வேறு கல்வெட்டுகளில் 'தாமரைக்கிரை' என்னும் இடம் குறிக்கப்படுகிறது. அது மடிவாளத்தை அடுத்துள்ள தாவரேகெரே என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். தாமரை பூத்த நீர்நிலையின் பெயர் இரு மொழியிலும் ஒன்றாகவே நிற்பதைக் காண்க.

இவற்றையெல்லாம் நூலில் படித்தவாறு மைந்தனுக்கு எடுத்துரைத்தோம். அவனோ, "தமிழ் என்றீர்களே அப்பா, படித்துக் காட்டுங்கள்" என்றான்.

நாம் சுவரருகே குனிந்தோம். ஓரெழுத்து புரிவது போலிருந்தது. அடுத்த எழுத்து புரியவில்லை. எண்ணூறு ஆண்டுகளில் எழுத்தின் வடிவம் மாறிவிட்டது. கிரந்தமோ நாம் கற்றதே இல்லை. ஒரு வரியைக்கூட நம்மால் முழுமையாகப் படிக்க இயலவில்லை. நம் முன்னோர் சொத்து என்று காட்ட அழைத்து வந்த தந்தை, அந்தச் சொத்தின் முன் எழுத்தறியாதவனாக நின்றோம். மைந்தன் நகைக்கவில்லை, நகைத்திருந்தால்கூட நாணம் சற்றுக் குறைந்திருக்கும்.

திரும்பும் வழியில் வேறொரு நினைவும் எழுந்தது. 1247-இல் இப்பகுதியை ஆண்டவன் எவன்? ஹொய்சள வேந்தன் சோமேசுவரன். கன்னட மரபினனாகிய அவன், திருச்சிராப்பள்ளிக்கு அருகே, சமயபுரத்தை அடுத்த கண்ணனூரைத் தலைநகராகக் கொண்டு வீற்றிருந்தான். அவன் வழிவந்த மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையில் தங்கி ஆட்சி புரிந்தான். இங்கே தமிழில் கல் வெட்டப்பட்ட அதே காலத்தில், அங்கே காவிரிக் கரையில் கன்னட அரசரின் படைவீடு இருந்தது! அப்படியாயின் யார் உள்ளூரார், யார் வெளியூரார்? நாம் நினைத்து வந்த விடை அந்தச் சுவரில் இல்லை.

அடுத்த ஞாயிறன்று பேகூர் சென்றோம். வெங்களூர் ஏரிக்குக் கீழே நிலம் அளித்த அவ்வேப்பூராரின் ஊரைக் காண மைந்தனே விரும்பினான். பொம்மனஹள்ளியிலிருந்து பேகூர்ச் சாலையில் தென்மேற்காகச் சில கிலோமீட்டர் சென்றால், ஏரியும் நாகேசுவரர் ஆலயமும் வருகின்றன. ஆலயத்தின் பெயர்ப்பலகை கன்னடத்தில் இருந்தது. நாம் கன்னடம் பேசுவோம்; படிக்கக் கற்றதில்லை. மைந்தன் படித்துச் சொன்னான். ஐந்து சிவலிங்கச் சந்நிதிகள் அமைந்த இவ்வாலயத்தின் பழைய பகுதி மேலைக் கங்க மன்னர் காலத்தது. பிற பகுதிகள் சோழர் காலத்தில் எழுந்தவை. ஒரு சந்நிதியின் பெயரே சோளேசுவரர்.

இவ்வாலய வளாகத்தில்தான் பெங்களூரின் பெயரை முதன்முதலில் தாங்கிய கல் உள்ளது. அதன் காலம் ஏறத்தாழ 890-ஆம் ஆண்டு. கெம்பேகவுடர் 1537-இல் கோட்டை கட்டி நகரமைத்ததற்கு ஆறரை நூற்றாண்டு முற்பட்டது. பழங்கன்னடத்தில் அமைந்த அக்கல், பெங்களூரில் நடந்த ஒரு போரைக் குறிக்கிறது. பேகூரின் தலைவனாயிருந்த நாகத்தரனைச் சேர்ந்தோர் அப்போரில் மடிந்தனர். அவனது மனையில் பணி செய்த ஒருவனும் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளான். நாகத்தரனும் பின்னர் வேறொரு போரில் யானைப்படையை எதிர்த்து உயிர் நீத்தான். அதைச் சித்திரித்த பெரிய வீரக்கல் இங்கிருந்து கொண்டு செல்லப்பட்டு, நகரின் அரசு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. அவன் இறந்தபின் கங்க மன்னன் எரெயப்பன், பேகூரைத் தலையூராகக் கொண்ட பன்னிரண்டு ஊர்களின் ஆட்சியை இருகன் என்பவனுக்கு அளித்ததாக அக்கல் கூறுகிறது.

அந்த 890-ஐ ஒட்டிய காலத்தில் உலகம் எவ்வாறு இருந்தது என்று மைந்தனுக்குக் கூறினோம். தமிழகத்தில் முதலாம் ஆதித்த சோழன் பல்லவரை வென்று சோழப் பேரரசுக்கு அடிகோலிய காலம் அது. இங்கிலாந்தில் ஆல்பிரட் மன்னன் கடற்கொள்ளையரோடு போராடிக்கொண்டிருந்தான், 899-இல் இறந்தான். சீனத்தில் தாங் பேரரசு தளர்ந்து, 907-இல் முற்றும் வீழ்ந்தது.

நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அருகே வந்தார். அவ்வூரார், கன்னடர். கல்லின் செய்தியை மைந்தனுக்குப் பொறுமையாக விளக்கினார். நமக்கு விளங்காத இலக்கியச் சொற்களை மைந்தன் தமிழில் பெயர்த்துக் கூறினான். பழங்கன்னடத்தில் பாலைப் 'பால்' என்றே வழங்கினர். பல்லைப் 'பல்' என்றே கூறினர். பிற்காலத்தில்தான் அவை 'ஹாலு' என்றும் 'ஹல்லு' என்றும் திரிந்தன என்று அப்பெரியவர் கூறியபோது மைந்தனின் விழிகள் விரிந்தன. நம் பொம்மனஹள்ளியின் 'ஹள்ளி'யும் ஒரு காலத்தில் 'பள்ளி'யாக இருந்ததுதான்.

பின்பு மைந்தன் அவரிடம் கேட்டான்: "ஐயா, போரில் இறந்த அந்தப் பணியாள் எந்த ஊர்க்காரன்?"

முதியவர் சிறிது நேரம் கல்லையே நோக்கினார். "கல்லில் அது இல்லையப்பா. பெயர் இருக்கிறது, போரில் இறந்தான் என்று இருக்கிறது. எங்கிருந்து வந்தான் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை போலும்" என்றார்.

மைந்தன் மறுமொழி கூறவில்லை. ஆனால் அவன் முகத்தில் சில நாட்களாகப் படிந்திருந்த வாட்டம் அக்கணத்தில் நீங்கியதை நாம் கண்ணுற்றோம்.

சில வாரங்கள் கழிந்து அவனுடைய பாடத்தில் அமெரிக்க விடுதலைப் போர் வந்தது. 1781 அக்டோபர் 19-ஆம் நாள் யார்க்டவுனில் ஆங்கிலத் தளபதி காரன்வாலிஸின் சேனை சரணடைந்ததைப் படித்துக்கொண்டிருந்தான். "அந்தக் காரன்வாலிஸ் பின்னர் எங்கே வந்தான் தெரியுமா?" என்று வினவி, மீதியை நாம் கூறினோம். தோற்ற அவனே 1786-இல் இந்தியாவின் தலைமை ஆளுநனாக வந்தான். 1791 மார்ச் 21-ஆம் நாள் திப்பு சுல்தானிடமிருந்து பெங்களூர்க் கோட்டையைக் கைப்பற்றினான். 1792-இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, மைசூர் அரசின் கீழ் இருந்த பாராமகால் நாடு ஆங்கிலக் கும்பெனிக்குச் சென்றது. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் திருப்பத்தூரும் அப்பாராமகாலைச் சேர்ந்தவை. நம் சொந்த ஊரோ திருப்பத்தூரை அடுத்த சோலார்பேட்டைப் பக்கத்துச் சிற்றூர். ஆகவே 1792 வரை நம் முன்னோரும் பேகூர் மக்களும் ஒரே அரசின் குடிகள்!

1799-இல் திப்பு வீழ்ந்தான். 1809-இல் பெங்களூரில் ஆங்கிலப் படைமுகாம் அமைந்தது. சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களும் வணிகரும் தொழிலாளரும் வந்தனர். 1864-இல் சோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு இருப்புப்பாதை வந்தது. அதே பாதையில்தான் நாமும் ஒரு தகரப் பெட்டியுடன் இந்நகருக்கு வந்து இறங்கினோம். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் தோற்ற ஒருவன் இங்கு வந்து வென்றதற்கும், நாம் இன்று பொம்மனஹள்ளியில் வாடகை வீட்டில் வாழ்வதற்கும் இடையே ஒரு நூலிழை ஓடுகிறது. உலக வரலாறு எங்கோ தொலைவில் நடந்தது என்று எண்ணியிருந்த மைந்தன், அன்று புத்தகத்தை மூட மனமின்றி அமர்ந்திருந்தான்.

நம் இல்லத்துக்கு வடக்கே தமிழ்க் கல். தெற்கே கன்னடக் கல். 1247-இல் நிலம் அளித்த அந்த வேப்பூரார், தம் ஊருக்கும் வெங்களூருக்கும் இடையே சென்று வந்த வழி நம் பொம்மனஹள்ளிப் பக்கமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவர் வீட்டில் பேசிய மொழி எதுவோ, நாம் அறியோம். அவர் விட்டுச் சென்றது உரிமைப் பத்திரமன்று, கொடை. வந்த இடத்தில் நாம் என்ன பெற்றோம் என்பதைக் கல் சொல்வதில்லை. என்ன கொடுத்தோம் என்பதையே அது சொல்கிறது. மைந்தனுக்குச் சான்று காட்டப் புறப்பட்ட நாம் கற்றுக்கொண்டது இது.

இப்போது எம் இல்லத்தில் இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் ஒரு பள்ளி நடக்கிறது. முதற்பாதியில் நாம் ஆசிரியர். மைந்தன் தமிழ் எழுதுகிறான். மறுபாதியில் அவன் ஆசிரியன். நாம் கன்னட எழுத்துகளை எழுதுகிறோம். நம் 'க'கரம் இன்னும் கோணலாகவே வருகிறது. ஆசிரியர் சற்றுக் கண்டிப்பானவர். பூசலிட்ட அந்தச் சிறுவனும் சென்ற திங்களில் எம் இல்லத்துக்கு வந்து இட்லி உண்டு சென்றான். அடுத்த விடுமுறையில் அவனையும் பேகூருக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்பது மைந்தனின் கட்டளை.

அன்பர்களே! நம் பிள்ளைகளுள் பலர் இதே வினாவோடு ஏதேனும் ஒரு மாலைப்பொழுதில் வீடு திரும்பக்கூடும். அவர்களுக்குச் சினத்தைக் கற்பிக்காதீர், நாணத்தையும் கற்பிக்காதீர். ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கற்பியுங்கள். முதலில் மடிவாளத்துக்கும் பின்பு பேகூருக்கும் அழைத்துச் செல்லுங்கள். பேருந்துக் கட்டணத்துக்கு மேல் செலவில்லை. கையில் சிறிது தண்ணீரும், நெஞ்சில் சிறிது பணிவும் இருந்தால் போதும்.