குளிர்ந்த எஞ்சின்

நாக்பூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுள் சில, பழைய லாரி ஒன்று வாங்கித் தொழில் தொடங்கும் எண்ணத்தில் இருப்பதாக அறிகின்றோம். அவர்களுக்குப் பயன்படுமென்று எங்கள் அனுபவம் ஒன்றை ஈண்டு எழுதுகின்றோம். பெருமைப்படத்தக்க அனுபவம் அன்று.

2009-ஆம் ஆண்டு நவம்பரில் அண்ணனும் தம்பியுமாகிய நாங்கள் பழைய லாரி ஒன்றை வாங்கினோம். நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். சங்ககிரிப் பக்கத்தவர்க்கு லாரி புதுமையன்று. அந்நாளில் 7 என்னும் எண் பெற்றிருந்து, இன்று 44 என வழங்கும் நெடுஞ்சாலை வழியே ஓட்டுநராக வந்து இவ்வூரில் தங்கியவர் எங்கள் தந்தையார். ஆயினும் பிறர் வண்டியை ஓட்டுவது வேறு; சொந்தப் பணத்தில் வாங்குவது வேறு. சொந்தப் பணம் என்று எழுதிவிட்டோம். அதிற் பெரும்பகுதி, அடகுக்குச் சென்ற அண்ணியாரின் ஆறு வளையல்கள்.

வண்டியைப் பார்க்கச் சென்றபொழுது அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. "நீங்கள் வருவீர்கள் என்று தயாராக வைத்திருக்கிறேன்" என்றார் உரிமையாளர். அதனை நாங்கள் மரியாதை என்று கொண்டோம்! தேநீரும் வரவழைத்துக் கொடுத்தார். வண்டி வழியில் எங்கும் நில்லாமல் வீடு வந்து சேர்ந்தது.

அடுத்த சில நாட்களில் காலை வேளைகளில் செல்ஃப் நீண்டநேரம் அடிக்க வேண்டியிருந்தது. குளிர்காலம் பிறந்துவிட்டதன்றோ என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். டிசம்பரில் ஒருநாள், காட்டோலுக்குச் சென்று ஆரஞ்சு ஏற்றவேண்டும். விடியற்காலை, நல்ல குளிர். செல்ஃப் சுழன்றது. எஞ்சின் இருமுறை இருமியது, வெண்புகை கக்கியது, அடங்கியது. தெருவார் கூடித் தள்ளியும் பயனில்லை. ஏழரை மணிக்கு வியாபாரி வேறு லாரியை அமர்த்திக்கொண்டார்.

அன்று வந்த மெக்கானிக் செல்ஃப் அடிக்கச் சொல்லிக் காதால் கேட்டார். "கம்ப்ரஷன் போய்விட்டது. எஞ்சினை இறக்கி லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாகப் போடவேண்டும்" என்றார். அவர் கேட்ட தொகை வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கு. அண்ணன் தலையசைத்துவிட்டார். அண்ணியார் மட்டும், "தம்பி, அவர் எதை அளந்து பார்த்து இதைச் சொன்னார்?" என்று கேட்டார். எங்களிடம் விடையில்லை.

கம்ப்ரஷன் என்பது யாது என்று சிறிது சொல்லவேண்டும். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி உண்டு. டீசல் எஞ்சினில் இல்லை. உள்ளே இழுத்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழப் பதினேழில் ஒரு பங்காக நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் எல்லோரும் அறிவோம். அவ்வாறே இங்கும் காற்று சூடேறி 500 டிகிரியையும் கடக்கிறது. அதன்மேல் டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்கிறது. நெருக்கும்போது காற்று எங்கேனும் கசியுமாயின் போதிய சூடு பிறவாது; டீசல் எரியாமல் வெண்புகையாக வெளியேறும். எஞ்சின் முன்பே சூடாக இருந்தால் அக்குறை ஓரளவு மறைந்துவிடும். உரிமையாளர் காட்டிய மரியாதையின் பொருள் எங்களுக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று.

மறுநாள், லாரி நிறுத்தத்தில் எல்லோரும் 'உஸ்தாத்' என்றழைக்கும் முதிய மிஸ்திரி ஒருவரை அழைத்து வந்தோம். அவர் எஞ்சினைத் தொடுவதற்குமுன் பாட்டரியைச் சோதித்தார். செல்ஃப் மெதுவாகச் சுழன்றாலும் கம்ப்ரஷன் குறைந்ததுபோலத்தான் தோன்றுமாம். பாட்டரி நன்றாயிருந்தது. ஏர் கிளீனரைக் கழற்றித் தட்டினார்; ஒரு பிடி புழுதி விழுந்தது, ஆயினும் அடைப்பில்லை. நாசில் குழாயின் நட்டைத் தளர்த்தினார், டீசல் பீறிட்டது. டேப்பட் இடைவெளிகளை அளந்தார். அவையும் சரியாக இருந்தன. பிறகுதான் டீசல் வரத்தை நிறுத்தி, நான்கு நாசில்களையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் அளவுமானியைப் பொருத்தினார்.

முதல் சிலிண்டர் 310 பவுண்டு காட்டியது. இரண்டாவது 140. மூன்றாவது 130. நான்காவது 300. நல்ல நிலையிலுள்ள இத்தகைய எஞ்சின் 400-ஐ ஒட்டிக் காட்டவேண்டும் என்றார். நான்கும் குறைவு. ஆனால் நடுவிலுள்ள இரண்டும் சேர்ந்து விழுந்திருப்பதை அவர் விரலால் சுட்டிக் காட்டினார்.

அடுத்து ஒவ்வொரு துளையிலும் சிறிதளவு எஞ்சின் ஆயில் விட்டார். ஒரு தேக்கரண்டிக்கு மேல் விடலாகாது. டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்குமேல் இடம் மிகக் குறைவு, எண்ணெய் நிறைந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும் என்று எச்சரித்தார். மீண்டும் அளந்தபொழுது முதலாவதும் நான்காவதும் 350-ஐத் தாண்டின. ரிங்கின் இடைவெளியை எண்ணெய் அடைத்ததால் வந்த ஏற்றம் அது. ஆகவே ரிங்குகள் தேய்ந்திருப்பது உண்மையே. இரண்டாவதும் மூன்றாவதும் அசையவில்லை. அங்கே காற்று ரிங் வழியே போகவில்லை. வேறு வழியே போகிறது.

அவ்வழியை எங்கள் கண்முன்னே காட்டினார். பக்கத்து டயர்க் கடையிலிருந்து காற்றுக் குழாயைக் கொண்டுவந்து, இரண்டாவது சிலிண்டரின் பிஸ்டன் உச்சியிலும் வால்வுகள் மூடியும் இருக்குமாறு நிறுத்தி, அதனுள் காற்றைச் செலுத்தினார். "கையை வை, பேட்டா" என்றார். மூன்றாவது துளையின்மேல் கை வைத்தோம். காற்று சீறிக்கொண்டு உள்ளங்கையில் அடித்தது. இரண்டுக்கும் நடுவே ஹெட் காஸ்கெட் எரிந்துபோயிருந்தது!

ஹெட்டைக் கழற்றியபொழுது இரு சிலிண்டர்களுக்கும் இடையே காஸ்கெட்டில் ஒரு கரிய தடம். ஹெட்டின்மேல் நேர்சட்டம் வைத்துப் பார்த்ததில் அது சற்றே வளைந்துமிருந்தது. காஸ்கெட் காரணமின்றி எரிவதில்லை; வண்டி எப்பொழுதோ அளவுக்குமேல் சூடேறியிருக்கவேண்டும் என்றார் உஸ்தாத். ரேடியேட்டரைத் திறந்தால் பாதிக் குழாய்களில் சேறு. அதனைக் கழுவாமல் புதிய காஸ்கெட் போட்டிருந்தால் மூன்று மாதம்கூட நின்றிராது.

ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தினோம். வால்வுகளை அரைத்து உட்கார வைத்தோம். ரிங் மாற்றுவதா என்ற கேள்வி எழுந்தது. முதல் மெக்கானிக் சொன்னதில் பாதி சரிதானே! அண்ணன் மாற்றிவிடலாம் என்றார். உஸ்தாத் லைனரின் மேல்விளிம்பை நகத்தால் வருடிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஓராண்டு ஓடும். எண்ணெய் குடிக்கும், ஊற்றிக்கொள்ளுங்கள். முதலில் சம்பாதியுங்கள்" என்றார். அவ்வாறே விட்டோம். அவர் வாங்கிய கூலியைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அண்ணியார் கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சோற்றை மட்டும் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சென்றார்.

வேலை முடிந்த அன்றே வண்டி கிளம்பிற்று. நாங்கள் மகிழவில்லை. இரவு முழுவதும் வெளியே குளிரில் நிறுத்தினோம். விடியற்காலை ஐந்து மணிக்கு வீட்டார் அனைவரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு தெருவில் நின்றோம். அண்ணன் செல்ஃப் அடித்தார். இரண்டாம் முறையில் எழும்பிற்று. அந்த வாரமே காட்டோலுக்குச் சென்றோம்.

2011-இல் ரிங்கும் லைனரும் மாற்றினோம். அதற்குமுன் வளையல்கள் மீண்டு வந்திருந்தன. 2016-இல் அந்த வண்டியை விற்க முடிவு செய்தோம். வாங்குவோர் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தனர். அண்ணன் வழக்கம்போல் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினார். அண்ணியார் அதனைக் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, "அவர்கள் வந்த பிறகு அவர்களே அடிக்கட்டும்" என்றார். வந்தவர்களுள் மூத்தவர் பானெட்டைத் திறந்து எஞ்சின்மேல் கையை வைத்தார். குளிர்ந்திருந்தது. எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கேட்டார்.